விண்டோஸ் 11 இருக்கிற லேப்டாப்பில் உபுண்டு: பென்டிரைவைச் செருகும் முன்பே நடக்கும் தவறுகள்

"லினக்ஸ் போட்டேன் அண்ணா, லேப்டாப்பே போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருடைய லேப்டாப்பை லினக்ஸ் தொட்டே இருக்காது. பென்டிரைவ் பூட் ஆவதற்கு முன்பே விண்டோஸிலோ, அது திறக்கும் முன் ஓடும் பயாஸின் செட்டிங்ஸிலோ எதையோ மாற்றி வேலையை முடித்திருப்பார்கள். பழி மட்டும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் தலையில். கல்லூரி திறந்த சில வாரங்களில், லேபில் உபுண்டு கேட்கிறார்கள் என்று ஆரம்பிக்கும். ஆண்டுதோறும் ஆட்கள்தான் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. ஒரு காலத்தில் நாங்கள் பட்டதையே இவர்களும் வரிசையாகப் படுகிறார்கள்.

பழைய வீடியோக்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7உடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அந்தக் காலத்து லேப்டாப்பில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்) தொல்லை இல்லை, டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வதும் இல்லை. பயாஸில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பிடிக்காவிட்டால் திருப்பி மாற்றலாம். அப்போது சொன்ன அதே வழிமுறையை இன்று விண்டோஸ் 11 லேப்டாப்பில் செய்தால் மாட்டிக்கொள்வோம்.

பேக்கப் எடுங்கள், சார்ஜரை மாட்டுங்கள், உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைல் முழுதாக இறங்கியதா பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை எல்லாரும் சொல்லியாயிற்று.

ரெகவரி கீயை எடுத்து வைக்காமல் பயாஸுக்குள் போவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இதற்குத்தான். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை ஒரு மாலை நேரத்தைத் தின்னும், இது மொத்த டேட்டாவையும் தின்றுவிடும்.

விண்டோஸ் 11 ஹோமில், டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. புது லேப்டாப்பை முதன்முதலில் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல லேப்டாப்களில் அது யாரையும் கேட்காமல் தானாக ஆன் ஆகிவிடும். உள்ளே வேலை செய்வது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர்தான். விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டில் இதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள், அதனால் இன்னும் அதிக லேப்டாப்களில் இது ஓடுகிறது. "நான் எந்த என்கிரிப்ஷனும் போடவில்லை" என்று பையன்கள் சத்தியம் செய்வார்கள். உண்மைதான், அவர்கள் போடவில்லை.

டிஸ்க்கைத் திறக்கும் சாவி லேப்டாப்பில் உள்ள டிபிஎம் சிப்பிடம் இருக்கிறது. பூட் ஆகும்போது செக்யூர் பூட் நிலவரம் எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துத்தான் அது சாவியைக் கொடுக்கும். வீடியோவில் சொன்னார்கள் என்று செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால், டிபிஎம் கண்ணுக்கு அது வேறு யாரோ கைவைத்த மெஷின். சாவியைத் தராது. நீலத் திரை வரும், ரெகவரி கீயைக் கேட்கும். 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுத் தொகுப்பு. யாருக்கும் மனப்பாடமாக இருக்காது.

இந்தக் கட்டத்தில் இன்னும் எதுவும் போகவில்லை. மாற்றியதைத் திருப்பி மாற்றினால், அதாவது செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தால், பெரும்பாலும் டிபிஎம் சமாதானமாகி விண்டோஸ் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் யாரும் அங்கே நிற்பதில்லை. பயத்தில் அடுத்தடுத்து எதையாவது அழுத்துகிறார்கள்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன், போன வருஷம். நீலத் திரை வந்ததும் முதலில் பயாஸை டிஃபால்ட்டுக்கு ரீசெட் செய்திருக்கிறான். அது போகவில்லை என்றதும் செக்யூரிட்டி பக்கத்தில் 'கிளியர் டிபிஎம்' என்று இருப்பதைப் பார்த்திருக்கிறான். கிளியர் என்றால் சுத்தம் செய்வதுதானே என்று எஸ் கொடுத்துவிட்டான். டிபிஎம்மில் இருந்த சாவி அத்தோடு அழிந்தது. அதன்பின் பழைய செட்டிங் எதைத் திருப்பி வைத்தாலும் பயன் இல்லை, 48 இலக்கம் ஒன்றுதான் வழி.

"சரி, உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கும், லாகின் பண்ணு" என்றேன். பண்ணினான். அந்தக் கணக்கில் இந்த லேப்டாப்பே இல்லை. வாங்கிய கடையில் "எல்லாம் செட் பண்ணித் தர்றோம் தம்பி" என்று அவர்களே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். இவன் பின்னர் தன் கணக்கை எட்ஜ் பிரவுசரில் மட்டும் சேர்த்திருக்கிறான். சாவி போய்ச் சேர்ந்தது கடைக்காரர் போட்ட கணக்குக்கு. கடைக்கு போன் செய்தோம். செட் பண்ணிக் கொடுத்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்த மெயில் ஐடி யாருக்கும் நினைவில் இல்லை. மினி ப்ராஜெக்ட் ஒன்று, ஊரிலிருந்து அப்பா ஸ்கேன் செய்து வைக்கச் சொன்ன பத்திரங்கள், இரண்டு வருஷத்துப் போட்டோக்கள், எல்லாம் டிஸ்க்கில் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. திறக்கத்தான் வழி இல்லை. இதை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். சாவி இல்லாமல் திறக்க முடிந்தால் அது என்கிரிப்ஷனே இல்லை.

இதைத் தவிர்க்கக் கால் மணி நேரம் போதும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவுக்குக் கீழே 'பிட்லாக்கர் என்கிரிப்டட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையதளத்துக்குப் போய் டிவைசஸ் பக்கத்தில் இந்த லேப்டாப்புக்கான ரெகவரி கீயைத் தேடுங்கள். ஒரே கணக்கில் பழைய லேப்டாப்பின் சாவியும் கிடக்கலாம், அதனால் கீ ஐடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீலத் திரை காட்டுவதும் அந்த ஐடியைத்தான். காகிதத்தில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே லேப்டாப்பின் பிக்சர்ஸ் ஃபோல்டரில் வைத்திருந்த புத்திசாலியும் உண்டு. அது பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைக்கிற கதை. தேடியும் உங்கள் கணக்கில் சாவி இல்லையென்றால் பயாஸ் பக்கமே போகாதீர்கள்.

சாவி கையில் வந்த பிறகு, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க் முழுவதையும் அவிழ்க்க நேரம் எடுக்கும், நடுவில் அணைக்காதீர்கள். அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். சாவியே கிடைக்கவில்லை, ஆனால் விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது என்றாலும் இதே வழிதான்: உள்ளே இருந்தபடியே ஆஃப் செய்துவிட்டால் சாவியே தேவைப்படாது. பல வெளியீடுகளில் உபுண்டு இன்ஸ்டாலரும் பிட்லாக்கர் ஆன் ஆக இருந்தால், முதலில் அதை ஆஃப் செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடும். அந்தத் திரையைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உபுண்டுவுக்குச் செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன பூட் புரோகிராம் அதில் இருக்கிறது, செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தாலே பூட் ஆகும். அந்தப் பையன் எதற்காக அதை ஆஃப் செய்தான் என்றால், பழைய வீடியோ சொன்னதற்காக. அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்த பிறகு என்கிரிப்ஷனைத் திரும்பப் போட விரும்புகிறவர்கள், கிரப் மெனு (எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் உபுண்டுவின் பூட் மெனு) வழியாக விண்டோஸுக்குள் போகாமல் லேப்டாப்பின் சொந்த பூட் மெனு வழியாகப் போவது நல்லது. கிரப் வழியாகப் போனால் டிபிஎம் மறுபடி சந்தேகப்பட்டு சாவி கேட்கலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணைகிறது என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் அப்படி இல்லை. தன் மையப் பகுதியான கர்னலை டிஸ்க்கில் தூங்கவைத்துவிட்டுத்தான் அணைகிறது. அந்த நிலையில் உபுண்டுவுக்குள் வந்து சி டிரைவைத் திறந்தால், படிக்க மட்டும்தான் விடும், அல்லது திறக்கவே விடாது. அது சரியான நடத்தைதான். ஆனால் நம் ஆட்கள் எங்கேயோ படித்த கட்டளையை ஓட்டி, தூங்கும் ஃபைலை அழித்துவிட்டு வலுக்கட்டாயமாக எழுதுகிறார்கள். அடுத்த முறை விண்டோஸ் திறந்தால் செக் டிஸ்க் ஓடும், சில ஃபைல்கள் காணாமல் போயிருக்கும்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். டிக் மங்கலாகத் தெரிந்தால் மேலே உள்ள 'இப்போது மாற்ற முடியாத செட்டிங்ஸை மாற்று' என்ற வரியை அழுத்த வேண்டும். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்று நேராக ஏஎச்சிஐக்கு மாற்றுவது

இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் மோடு ஆன் ஆக வரும். இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாது, அல்லது ஆர்எஸ்டியை ஆஃப் செய்யச் சொல்லும். பயாஸில் ஏஎச்சிஐ என்ற பொதுவான டிஸ்க் மோடுக்கு மாற்றியதும் உபுண்டுவுக்கு டிஸ்க் தெரிந்துவிடும், விண்டோஸ் நீலத் திரையில் விழும். 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்க்கைப் படிக்க வேண்டிய டிரைவரை அது இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. பயாஸில் பழையபடி மாற்றினால் எழுந்துவிடும்.

முறையான வழி: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ மாற்றி, சேஃப் மோடில் விண்டோஸைத் திறக்க வேண்டும். அங்கேயே டிரைவர் ஏறிவிடும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் வேலை செய்யாமல் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கலாம். பின் மட்டுமே போட்டுப் பழகியவர்களுக்கு அது நினைவிருக்காது. முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் பயாஸ் மாற்றம்தான், ஆக ரெகவரி கீ விஷயம் இதற்கும் பொருந்தும்.

'எரேஸ் டிஸ்க்'

விண்டோஸோடு சேர்த்து டிஸ்க் முழுவதையும் அழிக்கிற இன்ஸ்டாலர் ஆப்ஷன் இது. படித்துவிட்டு அழுத்துங்கள்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வது

பார்ட்டிஷனை நாமே பிரிக்கும்போது, டிஸ்க்கின் தொடக்கத்தில் 100 எம்பியோ 260 எம்பியோ இருக்கிற ஒரு சின்ன பார்ட்டிஷன் தெரியும். ஃபேட்32 வகை. அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். சின்னதாக இருப்பதால் தேவையில்லாதது என்று நினைத்து ஃபார்மேட் டிக் போட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் அதில்தான் இருக்கிறது. உபுண்டுவுக்கும் அதே பார்ட்டிஷன் போதும், பூட்/இஎஃப்ஐ என்று மவுன்ட் பாயின்ட் மட்டும் கொடுத்தால் தன் ஃபோல்டரை விண்டோஸுடையதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

ஃபார்மேட் ஆகிவிட்டதா? சி டிரைவ் அப்படியே இருக்கும், பதறாதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால் பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதிக் கொடுக்கும்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது

கோளாறு இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

மெனுவில் விண்டோஸ் காணோம், திரும்பப் போடுவோம்

திரும்பப் போடாதீர்கள். கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. இடிசி/டிஃபால்ட்டில் உள்ள கிரப் ஃபைலில் அதைத் தடுக்கும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி, அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் மெனுவில் வந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் பென்டிரைவை யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் இல்லாமல், பழைய முறையான லெகசி மோடில் பூட் செய்து போட்டிருப்பீர்கள். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யுஇஎஃப்ஐ என்று எழுதியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு உபுண்டு பூட் ஆகாமல், ஷிம் சரிபார்ப்பு தோற்றது, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று திரை காட்டிவிட்டு அணைந்தது. இரண்டு ஓஎஸ் இருக்கும் மெஷின்களைத் தொடக்கூடாது என்றுதான் அந்த அப்டேட் எழுதப்பட்டிருந்தது, கண்டுபிடிப்பதில் கோட்டை விட்டுவிட்டார்கள். 2025 மே மாத அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதை முழுதாகச் சரிசெய்தது. இடைப்பட்ட காலத்தில் உபுண்டுவை வீணாகத் திரும்பப் போட்டவர்கள் நிறைய.

உபுண்டு வேண்டாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அழித்துவிடுவது

செமஸ்டர் முடிந்ததும் இது நடக்கும். பார்ட்டிஷன் போய்விடும், இஎஃப்ஐயில் கிரப் இருக்கும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் வந்து துடித்துக்கொண்டு நிற்கும். கடையில் கொடுத்தால் "ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்" என்பார்கள். வேண்டாம். அணைத்துவிட்டு ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. அதில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். அப்புறம் பயாஸில் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். அழிப்பதற்கு முன்பே இந்த வரிசையை மாற்றி ஒருமுறை பூட் செய்து பார்த்திருந்தால் கறுப்புத் திரையே வந்திருக்காது. பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் மட்டும் பிறகும் தெரிந்துகொண்டிருக்கும், அதனால் ஒரு தொல்லையும் இல்லை.