குன்னூரிலிருந்து செங்கடல் செய்தியைப் படிக்கும் முறை

குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும் வாரங்களில், “செங்கடலில் சண்டையாம்” என்ற ஒரு வரியே நம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் போதுமான விளக்கமாகிவிடுகிறது. சில வாரங்களில் அது உண்மை, பல வாரங்களில் வெறும் சாக்கு. சொந்தமாக ஏற்றுமதியில் இறங்கியிருக்கும் சிறு தொழிற்சாலைக்காரர்களும், பச்சைத் தேயிலை விலை ஏன் ஆடுகிறது என்று அறிய விரும்பும் விவசாயிகளும் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கான வழி இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் ஓர் உலகப் படத்தை விரித்து, உங்கள் சரக்கு இறங்கும் துறைமுகங்களை அவற்றுக்குச் செல்லும் கடல்வாசலின்படி பிரித்துக்கொள்ளுங்கள். எகிப்து, துருக்கி, போலந்து, பிரிட்டன், கருங்கடல் ஓரத்து ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் ஆகியவற்றுக்குக் கொச்சியிலிருந்து போகும் குறுக்குவழி பாப் எல் மண்டெப் நீரிணையும் சூயஸ் கால்வாயும்தான். துபாயின் ஜெபல் அலிக்கும் ஈராக்கின் உம் கஸ்ருக்கும் வாசல் வேறு, அது ஹோர்முஸ் நீரிணை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சவுதி அரேபியா என்றதும் வளைகுடா என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் ஜெட்டா இருப்பது செங்கடலில், தம்மாம் இருப்பது வளைகுடாவில். ஒரே நாட்டுக்கு இரண்டு வாசல் இருப்பதால், வாங்குபவரின் நாட்டை அல்ல, துறைமுகத்தைக் கேட்டு எழுதுவதே சரி.

அடுத்ததாக, அந்த வாசலில் யாருக்கு என்ன கை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாப் எல் மண்டெப் என்ற அரபுப் பெயருக்குக் கண்ணீர் வாசல் என்று பொருள் சொல்வார்கள். அதன் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 29 கிலோமீட்டர். ஒரு கரையில் யேமன், எதிர்க்கரையில் ஜிபூட்டியும் எரித்ரியாவும் உள்ளன. ஜிபூட்டியில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, சீனா ஆகிய ஐந்து நாடுகளுக்குப் படைத்தளம் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை இத்தகைய நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தடையின்றிக் கடக்கும் உரிமையை அளிக்கிறது. இவ்வளவு இருந்தும், 2014இல் யேமன் தலைநகர் சனாவைக் கைப்பற்றிய ஹூதி இயக்கம், காசா போரில் இஸ்ரேலை எதிர்ப்பதாகச் சொல்லி 2023 நவம்பரில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் சில வாரங்களிலேயே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. நீரிணையின் யேமன் கரையும் நடுவிலுள்ள பெரிம் தீவும் அப்போது ஹூதிகளின் கையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடக்கே யேமனின் செங்கடல் துறைமுகமான ஹொதைதா பக்கத்திலிருந்து ஏவும் ஏவுகணையும் ட்ரோனும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. ஆகவே நீரிணை யாருடையது என்று கேட்பதைவிட, அதில் போகும் கப்பலை யாரால் எட்டித் தொட முடியும் என்று கேட்பது பயன் தரும். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் நம் லாரிகள் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகின்றன, மண்ணை அள்ளியதும் பழைய பாதை திறந்துவிடுகிறது. செங்கடலில் வழியை மறிப்பது மனிதர்கள் என்பதால், அது திறக்கும் நாளை எந்தப் பொறியாளராலும் குறித்துத் தர முடியாது.

எந்தக் கப்பல் தாக்கப்படும் என்பதைக் கொடியை மட்டும் பார்த்து ஊகிக்க இயலாது. 2023 நவம்பர் 19 அன்று பிடிக்கப்பட்ட கேலக்ஸி லீடர் கப்பலின் கொடி பஹாமாசுடையது, அதை இயக்கியது ஜப்பானிய நிறுவனம், அது வந்துகொண்டிருந்தது குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு. உரிமையாளர் நிறுவனத்துக்கு இஸ்ரேலியத் தொழிலதிபர் ஒருவருடன் தொடர்பு இருந்ததே காரணமாயிற்று. பின்னர் சில கப்பல்கள் “மாலுமிகள் அனைவரும் சீனர்” என்று தங்கள் அடையாளக் கருவியில் அறிவித்துக்கொண்டே கடந்தன. ஆயினும் 2024 மார்ச்சில் சீனர் உரிமையிலிருந்த ஹுவாங் பூ என்ற எண்ணெய்க் கப்பலும் அடிபட்டது. சரக்கை ஒப்படைக்கும்போது முகவரிடம் கப்பலின் பெயரையும் வழியையும் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றுவதாக இருந்தால் இரண்டாம் கப்பலின் பெயர்தான் முக்கியம்.

நாடுகளின் நிலைப்பாட்டை அவற்றின் இழப்பைக் கொண்டு கணிப்பதும் ஏமாற்றும். எகிப்தின் சூயஸ் வருமானம் 2023இல் இருந்த சுமார் 1,000 கோடி டாலரிலிருந்து 2024இல் ஏறத்தாழ 400 கோடியாகச் சரிந்தது. எனினும் அமெரிக்கா அமைத்த கடற்படைக் கூட்டணியில் எகிப்து சேரவில்லை. இந்தியாவும் அதில் சேராமல் தன் போர்க்கப்பல்களைத் தனியாக நிறுத்தியது. 2024 மார்ச்சில் தாக்கப்பட்ட ட்ரூ கான்ஃபிடென்ஸ் கப்பலின் ஆட்களை மீட்டது ஐ.என்.எஸ். கொல்கத்தா.

எந்தச் செய்தியை நம்புவது என்பதற்கு என் வரிசை இது: முதலில் காப்பீட்டு நிறுவனங்கள், அடுத்து கப்பல் நிறுவனங்களின் கால அட்டவணை, கடைசியில் அமைச்சர்களின் பேச்சு. 2025 மே மாதம் ஓமன் நடுவில் நின்று அமெரிக்காவுக்கும் ஹூதிகளுக்கும் உடன்பாடு ஏற்படுத்தியது. அதை நம்பி வழி திறந்துவிட்டது என்று விலை சொன்னவர்கள், அதே ஆண்டு ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி ஆகிய இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது விழித்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் போர் அபாயக் கட்டணத்தைக் கப்பல் மதிப்பின் சதவீதமாக, பெரும்பாலும் ஏழு நாள் கணக்கில் விதிக்கின்றன. அது இறங்கி, அட்டவணையில் சூயஸ் மீண்டும் தோன்றும்வரை ஆப்பிரிக்காவைச் சுற்றும் வழிக்கே கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவுக்கு அதனால் பத்து முதல் பதினான்கு நாள் கூடும், அத்தனை நாளும் உங்கள் பணம் கடலில் கிடக்கும்.

ஒப்பந்தம் சி.ஐ.எஃப். முறையில், அதாவது காப்பீட்டையும் கப்பல் கட்டணத்தையும் விற்பவரே ஏற்கும் முறையில் இருந்தால் கப்பல் கட்டணம் உங்கள் தலையில் விழும். புதிதாக விதிக்கப்படும் போர்க் கூடுதல் கட்டணம் வாங்குபவருடையது என்று ஒரு வரியை எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. முறையில் வாங்குபவரே அதைக் கட்டுவார், ஆனால் அந்தத் தொகையைத் தேயிலை விலையில் குறைத்துக் கேட்பார் என்பதை எதிர்பார்த்தே பேச வேண்டும். சாதாரண சரக்குக் காப்பீடு போர்ச் சேதத்தைத் தாங்காது, தனிப் பிரிவு கேட்டுச் சேர்க்க வேண்டும். அதுவும் சரக்கு கப்பலில் ஏறிய பிறகே செல்லும், கொச்சிக் கிடங்கில் இருக்கும்போது செல்லாது.

இந்த வாசல் உள்ளேயும் திறக்கிறது. நம் தேயிலைக்கும், கேத்திப் பள்ளத்தாக்கின் காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் பொட்டாஷ் உரத்தை இந்தியா ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்கிறது. அதில் ஒரு பங்கு சாக்கடல் ஓரத்து இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் எடுக்கப்படுவது. ஜோர்டானின் அக்கபா துறைமுகத்தில் ஏற்றும் பொட்டாஷ் நம்மிடம் வரவும் இதே நீரிணையைத்தான் கடக்க வேண்டும். போர் அபாயக் கட்டணம் ஏறும் செய்தி கண்ணில் பட்டால், ஏற்றுமதிக் கணக்கோடு உரக்கடையின் இருப்பையும் அன்றே விசாரித்து வையுங்கள்.