ஜிப்ஸியில் 4எல் நிற்காமல் கழன்று வந்தால்

மாருதி ஜிப்ஸி கிங்கை 4எல்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக நிலை) போட்டு ஏற்றத்தில் முக்கி ஏறும்போது லீவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடனே இறக்கிப் பிரிக்க வேண்டாம். முதலில் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளைப் பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதல்ல. சேசிஸில் தனியாக 3 மவுண்ட்டுகளில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட். லீவர் கேஸின் மேலேயே இருக்கிறது. கியர் விகிதம் ஹையில் (சாதாரண வேக நிலை) 1.409, லோவில் (குறைவேக நிலை) 2.268. உள்ளே வரும் முறுக்குக்கும் வெளியே போகும் முறுக்குக்கும் உள்ள வித்தியாசம் மவுண்ட்டுகளின் தலையில் விழுகிறது: உள்ளே வரும் முறுக்கைப் போல ஹையில் 0.409 பங்கு, லோவில் 1.268 பங்கு. ஏறக்குறைய 3 மடங்கு. ஹையில் ஒழுங்காக ஓடும் வண்டி லோவில் மட்டும் தகராறு செய்ய இதுவே காரணம். ரப்பர் கிழிந்திருந்தால் கேஸ் திரும்பும், லீவர் தரைத்தகட்டு ஓட்டையின் விளிம்பில் இடிக்கும், அந்த இடியில் கியர் கழலும்.

சமதளத்தில் இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கழற்றி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தால் லீவர் அங்கே இடிக்கிறது. பிறகு கீழே போய் கடப்பாரையால் கேஸை நெம்புங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்தால் 3 மவுண்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட்டுகளை எல்லாம் விரலால் ஏற்றிய பிறகுதான் இறுக்க வேண்டும். தடித்த கார்ப்பெட்டோ விறைத்துப்போன ரப்பர் உறையோ லீவரை இழுத்தாலும் இதே தொல்லைதான்.

மவுண்ட் நன்றாக இருந்து, குலுங்கும்போது மட்டும் கழன்றால் ஷிஃப்ட் ஷாஃப்ட்டை (லீவரோடு நகரும் தண்டு) பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கையும் இரும்புக் குண்டையும் சந்தேகியுங்கள். கேஸின் வெளியே உள்ள பிளக்கைத் திறந்து காந்தத்தால் எடுக்கலாம். புது ஸ்பிரிங் பக்கத்தில் வைத்தால் பழையது குட்டையாகத் தெரியும். அடியில் வாஷர் போட்டு முட்டுக்கொடுப்பது வேண்டாத வேலை; ஷிஃப்ட் கடினமாகி கியர் அரைகுறையாக விழும்.

இரண்டும் சரியென்றால் உள்ளேதான் தேய்மானம். நகரும் வளையமான ஸ்லீவும் கியரும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் டாக் பற்கள் லேசாக உட்சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சுமை ஏற ஏற ஸ்லீவை உள்ளே இழுக்கும். முனை மழுங்கினால் அதே சுமை வெளியே தள்ளும். அப்போது ஸ்லீவையும் கியரையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க், பேரிங் ஆகியவற்றின் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். லீவரைக் கயிற்றில் கட்டி ஓட்டுபவர்கள் உண்டு. அந்த இழுவை முழுவதும் ஃபோர்க்கின் மேல் விழுந்து அதுவும் தேயும்.

ஹையிலிருந்து லோவுக்கு மாற்ற வண்டி முழுதாக நின்று, கிளட்ச் மிதித்திருக்க வேண்டும். உருளும்போது தட்டிப் போட்டுத்தான் பற்கள் மழுங்குகின்றன.

பிரித்து மூடியதும் 80டபிள்யூ-90 கியர் ஆயில் 0.8 லிட்டர் ஊற்றுங்கள். நிரப்பும் துளையின் விளிம்பு வரை வரும். கோளாறு தீரும்வரை சரிவில் கியரை நம்பி வண்டியை நிறுத்தாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்துவிட்டால் முதல் கியரில் நிறுத்தினாலும் வண்டி உருளும்.