அரண்மனை பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டில் உள்ள நேரம் எந்த வாசலுக்கு என்று முதலில் பாருங்கள்

விமானம், விசா, தங்கும் அறை எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதற்கப்புறம் வரும் சிக்கல்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கோட்டையையோ அரண்மனையையோ முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் இந்த வரிசையிலேயே செய்தால் போதும். மூன்றாவது படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

படி 1: விடுமுறை நாள்

ஊருக்குப் போகும் தேதியை முடிவு செய்யும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பாரிஸ் அருகே உள்ள வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை, இஸ்தான்புல்லின் டோப்காபிக்குச் செவ்வாய். பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம் திங்களன்று மூடியிருக்கும். தென்கொரியத் தலைநகர் சோலில் கியோங்போக்குங் அரண்மனைக்குச் செவ்வாய், சாங்தோக்குங் அரண்மனைக்குத் திங்கள் என்பதால் ஏதாவது ஒன்று எப்போதும் திறந்திருக்கும். லண்டனுக்கு வெளியே உள்ள வின்ட்சர் கோட்டை செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூடல். ஞாயிறன்று போனால் கோட்டை திறந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது.

வெர்சாய்க்குச் செவ்வாயும் வேண்டாம் என்பேன். முந்தைய நாள் போக முடியாதவர்கள் அன்று வருவார்கள். போதாக்குறைக்குப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை, அந்தக் கூட்டமும் இங்கேதான் திரும்பும்.

வின்ட்சர், மாட்ரிட் அரண்மனை போன்றவை இன்றும் அரசு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகின்றன. வாராந்திர விடுமுறை இல்லாத நாளிலும் திடீரென்று மூடுவார்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்த இடத்தின் இணையதளத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: டிக்கெட்

அரண்மனையின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் முதல் சில முடிவுகள் பெரும்பாலும் விளம்பரம். இடைத்தரகர் தளங்கள் அதே அரண்மனையின் படம், அதே பெயர் என்று அசல் போலவே இருக்கும், விலை மட்டும் கூடுதலாக இருக்கும். வழிகாட்டி சேர்ந்த டிக்கெட் வேண்டுமானால் அங்கே வாங்குவதில் தப்பில்லை. வெறும் நுழைவுச் சீட்டுக்கு எதற்கு?

*பிற்சேர்க்கை:* பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருந்தார்கள். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா மாதிரி இடங்களில் டிக்கெட் பெயருக்கே வழங்கப்படுகிறது, பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சம்மதிக்கவில்லை என்றால் நான் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவேன். பாஸ்போர்ட் எண் கேட்டால் அதில் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது. செல்லப்பெயர், சுருக்கிய பெயர் எதுவும் வேண்டாம்.

படி 3: அந்த நேரம் எந்த வாசலுக்கு?

இங்கேதான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட்டில் 10.30 என்று போட்டிருந்தால் 10.30-க்கு வெளிவாசலில் நின்றால் போதும் என்று நினைக்கிறோம். பல இடங்களில் அந்த நேரம் வெளிவாசலுக்கானதே இல்லை.

அல்ஹம்ப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது டிக்கெட்டில் தோட்டங்கள், அல்கசாபா கோட்டை, நாஸ்ரிட் அரண்மனைகள் எல்லாம் அடங்கும். அச்சிட்டிருக்கும் நேரமோ நாஸ்ரிட் அரண்மனைகளின் வாசலுக்கு மட்டும். சிங்கங்களின் முற்றம் அதற்குள்தான் இருக்கிறது. டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும் முக்கிய நுழைவாயில் வளாகத்தின் ஒரு கோடியில், நாஸ்ரிட் அரண்மனைகள் ஏறக்குறைய மறுகோடியில். நடுவே பதினைந்து, இருபது நிமிட நடை. கவுன்ட்டருக்கு 10.30-க்கு வந்து சேர்ந்தவர் நேரத்தைத் தவறவிட்டதாகத்தான் கணக்கு. டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தால் முக்கிய நுழைவாயிலுக்குப் போகவே வேண்டாம், நீதி வாசல் வழியாக ஏறிவிடுங்கள். அங்கிருந்து நாஸ்ரிட் அரண்மனைகள் பக்கம்.

ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைனில் கதை வேறு. உள்ளே தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். டிக்கெட் மையம் கீழே கிராமத்தில் இருக்கிறது, அரண்மனை மலைமேல். நடந்து ஏற அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். பேருந்தும் குதிரை வண்டியும் உண்டு, ஆனால் இரண்டுமே வாசல் வரை வராது, இறங்கிய பிறகும் நடக்க வேண்டும். உங்கள் குழுவின் எண் திரையில் வரும்போது நீங்கள் அங்கே இல்லையென்றால் குழு போய்விடும். இத்தனைக்கும் உள்ளே பார்ப்பது அரை மணி நேரம்தான், புகைப்படமும் எடுக்கக்கூடாது. அரண்மனை முழுவதும் தெரியும் மரியன் பாலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று கிளம்பாதீர்கள், பாலத்தில் வரிசை நிற்கும். முதலில் அரண்மனை, அப்புறம் பாலம். பனி உறைந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள்.

ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். இருப்பதிலேயே கறாரான வாசல் எது? அதன் நேரத்தை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: வரிசை, நடை, பை சோதனை, பேருந்து. மிச்சம் இருப்பதுதான் அறையிலிருந்து நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம்.

படி 4: பையும் காலணியும்

சிறிய பை போதும். பெரிய முதுகுப்பையை வாசலிலேயே வாங்கி வைப்பார்கள், அல்லது முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். ஒப்படைக்கும் முன் வெளியேறும் வழியைக் கேளுங்கள். தடைசெய்யப்பட்ட நகரத்தில் தெற்கே நுழைவீர்கள், வெளியே வருவது வடக்கில்.

ஜப்பானின் ஹிமேஜி கோட்டையில் பிரதான கோபுரத்துக்குள் காலணியைக் கழற்ற வேண்டும், அதைப் பையில் போட்டுக் கையிலேயே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மரப்படிகள் செங்குத்தானவை, தேய்ந்து வழவழவென்று இருக்கும், மேலே போகப் போகக் குறுகும். காலுறையோடு ஏறும்போது ஒரு கையில் காலணிப் பை, இன்னொரு கை கைப்பிடியில். தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று இருந்தால் இரண்டு கையும் உங்களுடையது. இந்த ஒரு பொருளுக்கு நான் பரம ரசிகன்.

படி 5: உள்ளே நடப்பது

கோட்டையைப் படையெடுத்து வந்தவனாகவும், அரண்மனையை மனு கொண்டு வந்தவனாகவும் நடந்து பாருங்கள். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்கு ஏறும் பாதை சட்டென்று திரும்பும். யானை வேகமெடுத்து வந்து கதவை முட்டக்கூடாது என்பதற்காக. கதவிலும் யானை நெற்றி உயரத்தில் இரும்பு முட்கள். ஹிமேஜியில் கோபுரம் இதோ கண்ணெதிரே தெரியும், பாதையோ வளைத்து வளைத்து அழைத்துப் போகும். அந்த நேரமெல்லாம் வெள்ளைச் சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அம்பும் துப்பாக்கியும் நீட்டுவதற்கானவை அவை.

அரண்மனையில் கேட்க வேண்டியது வேறு: எனக்கு எதுவரை அனுமதி இருந்திருக்கும்? டோப்காபியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முற்றங்கள். முதலாவதில் பொதுமக்கள் வரலாம். மூன்றாவதன் வாசலைத் தாண்ட சுல்தானின் அனுமதி வேண்டும். இப்படி நடந்தால் அறைகளின் வரிசை தானாகப் புரியும், பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் படிக்க வேண்டியதில்லை.

இடையில் ஒன்று. ஐரோப்பியக் கோட்டைகளில் சுழல்படி வலப்புறமாகச் சுற்றி ஏறுவது, மேலே நிற்கும் காவலன் வலக்கையில் வாள் வீசத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நான் நம்புவதில்லை. எதிர்ப்புறமாகச் சுற்றும் படிகளும் பல கோட்டைகளில் இருக்கின்றன.

படி 6: தலைக்கு மேலே

வெர்சாயின் கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். எல்லோரும் அவற்றைப் படமெடுத்துவிட்டு நகர்வார்கள், மேலே இருக்கும் ஓவியங்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. கழுத்து வலித்தால் போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, திரை மேல்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே பாருங்கள். கையடக்கத் தொலைநோக்கி வாங்குவதானால் 8×25 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும், 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஒலி வழிகாட்டி அரண்மனைக்குச் சரி. கோட்டைக்கு ஆள்தான் வேண்டும், கேள்வி கேட்கலாமே.

*இன்னொரு பிற்சேர்க்கை:* வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு. கட்டடம் அசலா, பிற்காலத்தில் திரும்பக் கட்டியதா என்று பாருங்கள். ஹிமேஜியின் கோபுரம் 1609-இல் கட்டியது, லிஃப்ட் கிடையாது. ஒசாகா கோட்டையின் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது, லிஃப்ட் உண்டு. பெற்றோரோடு என்றால் நான் ஒசாகாவுக்குப் போவேன், ஹிமேஜியில் கோபுரத்தின் மேல் ஏறாமல் கீழே வளாகத்தை மட்டும் சுற்றுவேன்.