நைரோபில அரை நாள் தனி சஃபாரி: முதல் தடவை போறவங்களுக்கு ஒவ்வொரு படியா

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க, பிரெண்ட்ஸ்னு யார் நைரோபி வந்தாலும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், "மசாய் மாரா போறதுக்கு நாள் இல்ல, ஒரு காலைப்பொழுதுல சிங்கம் பாத்துட்டு வர முடியுமா?" தாராளமா முடியும்ங்க, சிட்டி நடுவுல இருந்து ஏழு கிலோமீட்டர்தான், நைரோபி நேஷனல் பார்க். 1946ல ஆரம்பிச்சது, கென்யாவோட முதல் நேஷனல் பார்க் இதுதான், 117 சதுர கிலோமீட்டர். மூணு பக்கம் வேலி, தெக்க மட்டும் ஆத்தைத் தாண்டி கிடேங்கெலா சமவெளிக்கு மிருகங்க போக வர வழி தொறந்து கிடக்கு. இது ஜூ இல்ல, அதை முதல்லயே மனசுல வச்சுக்கோங்க, உள்ள இருக்கிற சிங்கம் தானே வேட்டையாடித்தான் சாப்பிடுது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், இங்க யானை கிடையாது. பெரிய காண்டாமிருகம், சிங்கம், எருமை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை எல்லாம் உண்டு, சிறுத்தை இருக்கு ஆனா அதிர்ஷ்டம் வேணும். யானைக்குட்டிக்கு வேற வழி இருக்கு, கடைசில சொல்றேன்.

படி 1: ஊர்லயே முடிக்க வேண்டிய வேலை

இந்தியா பாஸ்போர்ட்டுன்னா கென்யாவுக்கு இப்ப விசா ஸ்டாம்ப் இல்ல, 2024 ஜனவரில இருந்து ஆன்லைன்ல இ-டிஏங்கிற பயண அனுமதி எடுக்கணும். அதை எல்லாரும் எடுத்துடுறாங்க, மறக்கிறது மஞ்சள் காய்ச்சல் ஊசியைத்தான். கென்யால இருந்து திரும்பி இந்தியால இறங்கும்போது அந்த சர்டிபிகேட் கேப்பாங்க, இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்த சர்டிபிகேட் செல்லும், அதனால டிக்கெட் போட்ட கையோட ஊசிக்கும் நாள் வாங்கிடுங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க.

படி 2: தனி வண்டி எடுக்கும்போது என்ன கேக்கணும்

இதுல கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நான் முதல் தடவை போனப்ப கோட்டை விட்டது இங்கதான். ஒரு ஏஜென்ட்கிட்ட (பேரு வேண்டாம்) "அரை நாள் பிரைவேட் சஃபாரி"ன்னு புக் பண்ணினோம், வண்டி வந்தது எட்டேமுக்காலுக்கு, ட்ராபிக்ல நீந்தி உள்ள போறப்ப ஒன்பதரை தாண்டிடுச்சு, வெயில் ஏறி சிங்கமெல்லாம் புதருக்குள்ள போய்ப் படுத்தாச்சு, டிரைவரோ பதினொன்றரைக்கு அடுத்த பிக்கப் இருக்குன்னு நிக்காம ஓட்டிக்கிட்டே இருந்தாரு. வரிக்குதிரை பாத்தோம், மான் பாத்தோம், எதையும் நின்னு பாக்கல. தனி வண்டிக்கு கூடுதலா காசு குடுக்கிறதே நமக்குப் புடிச்ச எடத்துல நிறுத்தி எவ்வளவு நேரம் வேணாலும் காத்திருக்கலாங்கிறதுக்குத்தானே, அது இல்லேன்னா ஷேரிங் வண்டிலயே போயிடலாம்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல எழுத்துலயே இதையெல்லாம் கேட்டு வாங்கிடுங்க. ஓட்டலுக்கு எத்தனை மணிக்கு வருவீங்க, அஞ்சேகாலுக்கு மேலன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. எத்தனை மணி நேரம் பார்க்குக்குள்ள இருப்போம், ஓட்டல்ல ஏறின நேரத்துல இருந்து கணக்கா இல்ல கேட்ல இருந்தா, உள்ள நாலு மணி நேரமாவது இருந்தாத்தான் அது அரை நாள். வண்டி லேண்ட் க்ரூசரா இல்ல வேனா, ரெண்டுலயும் கூரை மேல தூக்குற மாதிரி இருக்கணும், எந்திரிச்சு நின்னு பாக்கிறதுக்கு அதுதான் வசதி. பார்க் கட்டணம் சேத்தா சேக்காமலா. டிரைவர் அதுக்கு அப்புறம் வேற ட்ரிப் எடுத்திருக்காரா.

இன்னொரு விஷயம், நேரம் பேசும்போது இங்கிலீஷ்லயே பேசுங்க. இங்க பேசுற சுவாஹிலி மொழில மணி கணக்கு காலைல விடியுறதுல இருந்து ஆரம்பிக்கும், நம்ம ஏழு மணி அவங்களுக்கு ஒரு மணி. "சா கூமி நா மோஜா"ன்னு வார்த்தைக்கு வார்த்தை பாத்தா பதினோரு மணி, ஆனா டிரைவர் சொல்றது அஞ்சு மணியை.

மார்ச்ல இருந்து மே வரைக்கும் பெரிய மழை, அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு டிசம்பர் வரை சின்ன மழை. பார்க் சமவெளி பூரா கரிசல் மண்ணு. எனக்கு கோவில்பட்டி பக்கம், அந்த மண்ணு நனைஞ்சா என்ன ஆகும்னு யாரும் எனக்கு சொல்லத் தேவையில்ல, டயர்ல அப்பிக்கிட்டு வண்டி நகராது. மழை மாசத்துல வந்தா ஃபோர் வீல் டிரைவ் லேண்ட் க்ரூசர் தவிர வேற எதுக்கும் ஒத்துக்காதீங்க. ஜனவரி, பிப்ரவரி, அப்புறம் ஜூலைல இருந்து செப்டம்பர் வரை, இதுதான் நல்ல நேரம், புல்லு குட்டையா இருக்கும், தண்ணிக்காக மிருகங்க பார்க்குக்குள்ள வந்து சேரும்.

படி 3: பார்க் கட்டணம்

கேட்ல காசு வாங்க மாட்டாங்க. கென்யா அரசாங்கத்தோட இ-சிட்டிசன் தளம் வழியா கார்டுலயோ எம்-பெசாங்கிற போன் பணத்துலயோ முந்தின நாளே கட்டிடுங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு டாலர்ல, இங்க குடியிருக்கிறவங்களுக்கு ஷில்லிங்ல, வண்டிக்குத் தனி. ரேட்டு மாறிக்கிட்டே இருக்கும், பழைய பதிவு எதையும் நம்பாம கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ் தளத்துல பாருங்க. ரசீதை போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, பாஸ்போர்ட்டும் கைல இருக்கட்டும்.

படி 4: முந்தின நாள் ராத்திரி

ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சு டீஷர்ட்டோட வந்து நடுங்கினவங்களை நிறைய பாத்துட்டேன். நைரோபி கிட்டத்தட்ட நம்ம கோத்தகிரி உயரத்துல இருக்கு, ஜூலைல காலைல ஸ்வெட்டரும் போதாது, மேல ஒரு ஜெர்கினும் வேணும், கூரை தொறந்து நிக்கும்போது காத்து காதுல அறையும். பத்து மணிக்கு அதே எடத்துல வெயில் சுள்ளுனு அடிக்கும், தொப்பி, சன்ஸ்கிரீன் ரெண்டும் எடுத்துக்கோங்க.

கடையில விக்கிற ஒருதடவை பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் பார்க்குக்குள்ள கூடாது, 2020 ஜூன்ல இருந்து தடை, பிளாஸ்டிக் கவர் நாடு முழுக்கவே 2017ல இருந்து தடை. சில்வர் பாட்டில்ல தண்ணி எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒரு பைனாகுலர் இருந்தா நல்லது, ஒண்ணையே மாத்தி மாத்திப் பாத்தா உங்க கைக்கு வர்றதுக்குள்ள சிறுத்தை போயிருக்கும். ட்ரோன் கொண்டு போகாதீங்க.

படி 5: முதல் ஒரு மணி நேரம்

ஆறு மணிக்கு லங்காட்டா ரோடு மெயின் கேட் தொறக்கும், அப்ப நீங்க வரிசைல முன்னாடி நிக்கணும். பூமத்திய ரேகைக்குப் பக்கம்ங்கிறதால வருஷம் முழுக்க ஆறரை வாக்குலதான் விடியும், அந்த அரை மணி நேர இருட்டும் அடுத்த ஒரு மணி நேரமும்தான் இந்த ட்ரிப்போட உயிர். கேட்டைத் தாண்டினதும் கொஞ்ச தூரம் மரக்காடு, சிறுத்தை இருந்தா இங்கதான், அப்புறம் சட்டுனு கண்ணு எட்டுற வரை புல்வெளி. திரும்பிப் பாத்தா நைரோபியோட அடுக்குமாடி எல்லாம் வரிசையா நிக்கும், தலைக்கு மேல ஏர்போர்ட்டுக்கு இறங்குற விமானம் போகும், மிருகங்க அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

சிங்கத்தை எப்படித் தேடுறது? காலைல புல்லு பனில நனைஞ்சு இருக்கும், சிங்கத்துக்கு அந்த ஈரம் புடிக்காது, ரோட்டு மேலயே நடந்து வரும், அதனால முன்னாடி ரோட்டைப் பாருங்க, மண்ணுல தடம் இருக்கான்னு டிரைவரைப் பாக்கச் சொல்லுங்க. இல்லேன்னா கொங்கோனியைப் பாருங்க, மூஞ்சி நீளமா, முதுகு சரிஞ்ச மாதிரி இருக்கிற மான் அது. கறையான் புத்து மேல ஏறி நின்னு காவல் காக்கும். கூட்டம் முழுக்க மேயாம காதை நீட்டி ஒரே திசையைப் பாத்துக்கிட்டு நின்னா, அந்தத் திசைல ஏதோ இருக்கு. வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லி காத்திருங்க.

படி 6: காத்திருக்கிறது

டிரைவருங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போன்ல சொல்லிக்குவாங்க, எங்கயாச்சும் சிங்கம்னா பத்து வண்டி ஓடும். முதல் தடவை போறவங்களுக்கு அந்த ஓட்டத்துல சேரணும்னு தோணும், ஒரு தடவை போங்க, தப்பில்ல, ஆனா அங்க இருந்து இங்க, இங்க இருந்து அங்கன்னு ஓடிக்கிட்டே இருந்தா நாலு மணி நேரமும் புழுதிதான் மிச்சம். ஏறின உடனேயே டிரைவர்கிட்ட "போலே போலே" (மெதுவா)ன்னு சொல்லிடுங்க, நாங்க அஞ்சு மிருகத்தைப் பாத்தாலும் போதும், அதை நல்லாப் பாக்கணும்னு. அவருக்கும் அது புடிக்கும், அப்பத்தான் தெரிஞ்சதையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பாரு.

போன ஆகஸ்ட்ல அத்தையைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ரோட்டுக்கு இருபதடி தள்ளி ஒரு காண்டாமிருகமும் குட்டியும் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைச்சுட்டாரு, நாப்பது நிமிஷம் அங்கயே இருந்தோம். நம்ம ஊர்ல மாடு மேயுறப்ப கேக்குமே, பரக் பரக்குனு புல்லைக் கடிச்சு இழுக்கிற சத்தம், அதே சத்தம், இன்னும் கனமா. மூக்குல இருந்து மூச்சு விடும்போது புல்லு நுனி அசையுறது தெரிஞ்சுது. காது ரெண்டும் தனித்தனியா திரும்பிக்கிட்டே இருந்துச்சு. அத்தை என் கையைப் புடிச்சவங்க விடவே இல்ல, ஒரு வார்த்தை பேசல.

அது வெள்ளைக் காண்டாமிருகம். இங்க ரெண்டு வகையும் இருக்கு, நெறத்துல வித்தியாசம் தெரியாது, வாயைப் பாருங்க. வாய் அகலமா, தலையைத் தரைல வச்சு புல்லு மேஞ்சா வெள்ளை. மேல் உதடு கிளி மூக்கு மாதிரி கூரா இருந்து புதர்ல இலையும் குச்சியும் ஒடிச்சுத் தின்னா கறுப்பு. ஓடும்போது வெள்ளைல குட்டி முன்னாடி போகும், கறுப்புல தாய்க்குப் பின்னாடி போகும். கறுப்பு ரொம்ப அரிது, அதைக் காப்பாத்திப் பெருக்குறதுல இந்த பார்க்குக்குப் பெரிய பங்கு இருக்கு. அது விரும்பித் தின்னுறது நம்ம உடைமரம் மாதிரி வெள்ளை முள்ளு இருக்கிற ஒரு வேல மரம், முள்ளுக்கு அடில உருண்டையா வீங்கி ஓட்டை இருக்கும், உள்ள எறும்பு குடியிருக்கும், காத்தடிச்சா அந்த ஓட்டைல விசில் சத்தம் வரும். வண்டியை நிறுத்தினாத்தான் அது கேக்கும்.

படி 7: உள்ள இருக்கிற வரைக்கும் சட்டம்

வண்டியை விட்டு இறங்கக்கூடாது, ரோட்டை விட்டு வண்டி இறங்கக்கூடாது, 40க்கு மேல ஓட்டக்கூடாது. நல்ல போட்டோ வேணும்னு டிரைவருக்கு காசு நீட்டி புல்லுக்குள்ள விடச் சொல்றவங்களைப் பாத்திருக்கேன், பாத்தா வயிறு எரியுது. மாட்டினா அபராதமும் பொழப்பும் போறது அவருக்குத்தான், மிதிபடுறது புல்லுக்குள்ள தாய் ஒளிச்சு வச்ச மான்குட்டி.

இறங்கலாம்னு போர்டு வச்ச எடங்கள் உண்டு. அதுல ஹிப்போ பூல்ஸை விட்டுடாதீங்க, துப்பாக்கியோட ரேஞ்சர் கூட வருவாரு, மஞ்சள் பட்டை மரங்களுக்கு நடுவுல ஆத்தோரமா நடக்கலாம், நீர்யானையோட காதும் கண்ணும் மட்டும் தண்ணிக்கு மேல தெரியும். ரேஞ்சருக்கு முன்னாடி நடக்காதீங்க. பிக்னிக் எடத்துல சாப்பாட்டைப் பிரிக்கும்போது குரங்கு மேல கண்ணு வைங்க, பையோட தூக்கிட்டுப் போயிடும்.

மெயின் கேட் பக்கம் தந்தம் எரிச்ச எடம் இருக்கு. 1989 ஜூலைல அப்ப ஜனாதிபதியா இருந்த டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்கு இங்க தீ வச்சாரு, உலகம் முழுக்க தந்த வியாபாரத்தை நிறுத்தணும்னு காட்டுறதுக்கு. 2016 ஏப்ரல்ல அப்ப ஜனாதிபதியா இருந்த உஹூரு கென்யாட்டா 105 டன்னை எரிச்சாரு. சாம்பல் குவியல் இன்னும் அங்க கிடக்கு. பெரும்பாலான டூர்ல வெளிய வரும்போது ரெண்டு நிமிஷம் நிறுத்துவாங்க, நீங்க பத்து நிமிஷம் கேளுங்க, பசங்க கூட வந்திருந்தா கண்டிப்பா இறக்கிக் காட்டுங்க.

வழில பார்க்குக்கு குறுக்க போற ரயில் பாலத்தையும் பாப்பீங்க, ஒட்டகச்சிவிங்கி அடில போற மாதிரி தூண் மேல ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டினது. அது வர்றப்ப இங்க பெரிய எதிர்ப்பு இருந்துச்சு. எனக்கு அதைவிட தெக்குப் பக்கம்தான் கவலை, கிடேங்கெலால வீடும் வேலியும் கூடக்கூட மிருகங்க போக வர வழி குறுகிக்கிட்டே வருது. அந்தப் பக்கம் மசாய் குடும்பத்துப் பையன் ரிச்சர்ட் துரேரே, பதினொரு வயசுல அணைஞ்சு அணைஞ்சு எரியுற லைட்டை மாட்டுத் தொழுவத்தைச் சுத்திக் கட்டி சிங்கத்தை விரட்டினான், ஆள் நடக்கிறாங்கன்னு சிங்கம் நினைச்சு கிட்ட வராது, மாடும் பொழைச்சுது, பதிலுக்கு சிங்கத்தைக் கொல்ற தேவையும் இல்லாம போச்சு. டிரைவர்கிட்ட கேளுங்க, அவர் ஊர்ல யாராச்சும் அந்த லைட்டு கட்டியிருப்பாங்க.

படி 8: பத்தேகாலுக்கு மேல

இப்ப யானைக்குட்டி. ஷெல்ட்ரிக் டிரஸ்ட்டோட யானைக்குட்டி நர்சரி பார்க் ஓரத்துலயே இருக்கு, காலைல 11ல இருந்து 12 வரை மட்டும் பாக்க விடுவாங்க, முன்பதிவு இல்லாம உள்ள விட மாட்டாங்க, சீக்கிரம் நிரம்பிடும், அதனால சஃபாரிக்கு முன்னாடியே இதை புக் பண்ணிட்டு அந்தத் தேதிக்கு சஃபாரியை வைங்க. தாயை இழந்த குட்டிங்களை வளத்து அப்புறம் ட்சாவோ காட்டுக்கு அனுப்புறாங்க. வழி மகாடி ரோட்டுப் பக்கம், மெயின் கேட் கிடையாது, பத்தேகாலுக்கு பார்க்கை விட்டுக் கிளம்பினா அவசரமில்லாம போயிடலாம். பால் பாட்டிலைக் கண்டதும் குட்டிங்க காதை விரிச்சுக்கிட்டு ஓடி வர்றதைப் பாக்க கயித்துக்குப் பக்கத்துல எடம் புடிங்க, செம்மண் சேறு தெறிக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

டிரைவருக்கு டிப்ஸை கடைசில ஓட்டல் வாசல்ல ஷில்லிங்கா கைல குடுங்க, அதுக்கு சில்லறை முந்தின நாளே மாத்தி வச்சுக்கோங்க. பேரையும் நம்பரையும் வாங்கி வைங்க, அடுத்த தடவை நீங்களோ உங்க ஆளுங்களோ வந்தா நேரா அவரையே கூப்பிடலாம்.