பழைய காதல் பாட்டொன்றின் வரலாற்றை யாழ்ப்பாணத்தில் தேடுவது எப்படி?

பாட்டுப் பிறந்த கதையையும் அது நம்மூருக்கு வந்து சேர்ந்த கதையையும் தொடக்கத்திலேயே இரு வேறு தாள்களில் எழுதுங்கள். கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். 'காலங்களில் அவள் வசந்தம்' என்ற பாடலையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது தாள் விரைவில் நிரம்பிவிடும். 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்து, பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடியது. இவ்விவரங்களை இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டத்தாளிலோ படத்தின் பெயர்ப்பட்டியலிலோ சரிபாருங்கள். அந்த இரட்டையர் 1965இல்தான் பிரிந்தார்கள். அதற்கு முந்திய பாட்டுக்கு விஸ்வநாதன் பெயரை மட்டும் போட்டிருக்கும் இணையப் பதிவின் ஏனைய தகவல்களையும் ஐயத்தோடு பார்ப்பது நல்லது. (ராமமூர்த்தியின் பெயர் விடுபடுவது நீண்டகால அநியாயம்.) வரிகளையும் ஊன்றிப் படியுங்கள்: கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை மாதங்களில் மார்கழி என்றும் பருவங்களில் வசந்தம் என்றும் சொல்வதைக் கவிஞர் காதலிக்கு உரியதாக்கியிருப்பது புலப்படும்.

இரண்டாவது தாளுக்குத்தான் பொறுமை வேண்டும். படம் இங்கு எப்போது திரையிடப்பட்டது என்பதை அறிய, 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' போன்ற பத்திரிகைகளின் தியேட்டர் விளம்பரங்களைத் தேடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டமையால் எல்லா இதழ்களும் கிடைக்கமாட்டா. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் எண்ணிமப்படுத்தப்பட்டவற்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

பிறகு முதியவர்களிடம் செல்லுங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஊகமே பதிலாக வரும். "ஐயா, நீங்கள் இதை முதலில் றேடியோவில் கேட்டனீங்களோ, தியேட்டரிலோ? கலியாணத்துக்கு முன்னமோ, பின்னமோ?" என்று கேளுங்கள். 1990இல் போரால் மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பழைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, 1961இன் பாட்டும் தங்கள் இளமைக்காலப் பாட்டுத்தான். அதைப் பிழையென்று வெட்டிவிடாதீர்கள். அது இரண்டாவது தாளுக்குரிய நல்ல சான்று. ஆண்டு தெளிவாகாதவிடத்து, "கரண்ட் போனாப் பிறகு, இடப்பெயர்வுக்கு முதல்" என்று அவர் சொன்னபடியே எழுதி (அவர் சொல்வது 1995இன் பெரும் இடப்பெயர்வை), பக்கத்தில் 1990–1995 என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.