கை ஓய்ந்தால்தான் கை உயரும்: டிஜே டெக்கில் முதல் பழக்கங்கள்

மேடையில் டிஜே கையை உயர்த்தினால் கூட்டமும் உயர்த்துகிறது. அந்தக் கைக்கு அந்த நேரத்தில் மிக்சரில் (பாட்டுகளைக் கலக்கும் கருவி) வேலை இருக்கக் கூடாது. அதனால் மிக்ஸிங்கையும் மேடை ஆட்டத்தையும் ஒன்றாகவே பழகுங்கள். கேபிள் மாட்டுவது, பாட்டு ஏற்றுவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், ஓடும் பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் அடுத்த பாட்டு இன்னொரு டெக்கில் (ஒரு பாட்டை ஓட்டும் தட்டு) தயாராக நிற்க வேண்டும். அதன் முதல் பீட்டில் க்யூ, அதாவது பாட்டு தொடங்க வேண்டிய இடத்தின் குறி, வையுங்கள். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஹிப்-ஹாப் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இசைத்தட்டின் மேல் க்ரேயானால் கோடு போட்டு, வேண்டிய இடத்தைக் கண்ணாலேயே பிடித்தார். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து மிக்ஸ் செய்து காட்டியவரும் அவர்தான். அந்த வித்தைக்குப் பின்னால் இப்படிப்பட்ட தயாரிப்பு இருந்தது.

அடுத்து எண்ணிக்கை. நாலு பீட் ஒரு பார், எட்டு பார் என்றால் 32 பீட். ஹவுஸ் என்னும் நடன இசைப் பாட்டுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் திரும்பும். புதுப் பாட்டை அந்த 32-இன் முதல் பீட்டில் விடுங்கள்.

இனி பேஸ் (bass, பாட்டின் கனத்த அடிச்சத்தம்) மாற்றம். நான் அதிகம் திணறிய இடம் இது. பீட் சரியாகப் பொருந்தியும் சத்தம் குழம்பிக் கேட்கும். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் மோதுவதுதான் காரணம். புதுப் பாட்டின் லோ நாபை (பேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகி) முழுக்கக் குறைத்துவிட்டு, அதன் ஃபேடரை (சத்த அளவை மாற்றும் நகர்த்தி) மெதுவாக ஏற்றுங்கள். அடுத்த 32 தொடங்கும் அதே பீட்டில் பழையதன் லோவை இறக்கி, புதியதன் லோவை நடுப்புள்ளிக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு கையும் சேர்ந்து நகர வேண்டும். பாட்டே இல்லாமல் நாபை மட்டும் திருகிப் பழகினாலும் பலன் உண்டு.

பேஸ் மாறியதும் கை ஓய்கிறது. லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்துங்கள், கையை உயர்த்துங்கள், முன்வரிசையில் ஆடுபவர்களின் கண்ணைப் பாருங்கள். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் போதும், இன்னொரு காது அரங்குக்கு.

கருவி என்றால், ஜாக் வீல் (கையால் சுழற்றிப் பாட்டை நகர்த்தும் வட்டத் தட்டு) பெரிதாக உள்ள, லேப்டாப்போடு இணையும் இரண்டு சேனல் கன்ட்ரோலரையே சொல்வேன். பீட்டைத் தானாகவே பொருத்தும் சிங்க் பட்டனை ஆரம்பத்தில் தொடாதீர்கள், காது பழகட்டும். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 அருமையான இசைத்தட்டு டெக், ஆனால் முதல் நாளே அது தேவையில்லை.

பின்சேர்க்கை: குத்துப் பாட்டுக்கு மாறும்போது பீட் ஒட்டவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல குத்துப் பாட்டுகள் ஆறெட்டு (6/8) நடையில் ஓடுபவை, நாலு பீட் பாட்டோடு நீளமாகக் கலக்க வராது. ஓடும் பாட்டில் எக்கோ (எதிரொலி) போட்டு ஃபேடரை இறக்கிவிட்டு, குத்தின் முதல் அடியில் நேராக வெட்டுங்கள். அப்புறம் தாளத்துக்கு நீங்களே முதலில் கை தட்டுங்கள், கூட்டம் பிடித்துக்கொள்ளும்.