ஜெலட்டின் பிளேட்ல பிரிண்ட் எடுத்து குட்டி குட்டி அப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங்: வீட்லயே பண்றது எப்படி?

அப்ஸ்ட்ராக்ட் பண்ணணும்னு ஆசையா கலர் எல்லாம் வாங்கிட்டு வர்றவங்க நிறைய பேர் வெள்ளை பேப்பரை முன்னாடி வச்ச உடனேயே நின்னுடுறாங்க. பூ வரையணும்னா பூவைப் பாத்து வரையலாம், இதுல எதைப் பாத்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. அதனால யாராவது எங்கிட்ட வந்து கேட்டா நான் முதல்ல பிரஷ்ஷை எடுக்கவே சொல்ல மாட்டேன். முதல்ல பிரிண்ட் எடுங்க, அப்புறம் அந்த பிரிண்ட் மேல பெயின்ட் பண்ணுங்க. பிரிண்ட்ல தானா வந்து விழுற கலரும் டெக்ஸ்சருமே பாதி வேலையை முடிச்சிடும், மிச்சம் இருக்கிறது எதை விட்டு வைக்கிறது எதை மூடுறதுங்கிற முடிவு மட்டும்தான்.

இது பெரிய ஆளுங்க பண்ணின வழிதான். பாலே டான்ஸ் ஆடுற பொண்ணுங்களை வரைஞ்ச பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1870கள்ல உலோகத் தகட்டுல இங்க் தடவி பிரிண்ட் எடுப்பார், தகட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிற மிச்ச இங்க்ல இன்னொரு தாளை வச்சு மங்கலா ரெண்டாவது ஒண்ணு எடுத்து, பல சமயம் அந்த மங்கல் பிரிண்ட் மேலதான் பேஸ்டல் (சாக்பீஸ் மாதிரியான கலர் குச்சி) போட்டு படத்தை முடிப்பார். நம்மகிட்ட பிரஸ் மெஷின் கிடையாது, அதனால தகட்டுக்கு பதிலா ஜெலட்டின் பிளேட், அதாவது ஜெலட்டினை ஜெல்லி மாதிரி உறைய வச்சு எடுக்கிற வழவழப்பான பலகை. கையால அழுத்தினாலே போதும், அருமையா வரும்.

என்னென்ன வேணும்

ஜெலட்டின் பவுடர் 30 கிராம், கேக் சாமான் விக்கிற கடையில கிடைக்கும், கலரும் ஃப்ளேவரும் இல்லாததா பாத்து வாங்குங்க, ஜெல்லி மிக்ஸ் வேண்டாம். கிளிசரின் 180 மில்லி, மெடிக்கல் ஷாப்ல 100 மில்லி பாட்டில் ரெண்டு வாங்கினா ஆச்சு. ரப்பர் ரோலர் ஒண்ணு, ஆர்ட் சாமான் கடைகள்ல இருக்கும். பேப்பர் ரொம்ப காஸ்ட்லியா வேண்டாம், 120 முதல் 200 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு) வரைக்கும் கார்ட்ரிட்ஜ் பேப்பர், அதாவது படம் வரையுற பேப்பர், நல்லா வரும். சொரசொரப்பா இருக்கிற வாட்டர்கலர் பேப்பர்ல பிரிண்ட் திட்டுத்திட்டா ஏறும், அதை அப்புறம் பழகிட்டு எடுத்துக்கலாம்.

கலர் விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். 12 கலர் செட் வேண்டாம். அக்ரிலிக்ல லெமன் எல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரைன் ப்ளூ, அதோட ஒரு வெள்ளை, அவ்ளோதான். கேமல் ஆகட்டும் ஃபெவிக்ரில் ஆகட்டும் ரெண்டுமே ஆரம்பத்துக்கு தாராளம். மூணே கலர்ல இருந்து எல்லாம் பிறக்கிறப்போ எந்த ரெண்டு கலரைப் பக்கத்துல வச்சாலும் சொந்தக்காரங்க போல ஒட்டிக்கும், 12 டியூப் இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் இழுக்கும்.

பிளேட் ஊத்துறது

தண்ணியும் 180 மில்லி எடுத்துக்கோங்க. பாதி தண்ணி, பாதி கிளிசரின் ரெண்டையும் ஒரு பாத்திரத்துல கலந்து அதுல ஜெலட்டினைத் தூவி 10 நிமிஷம் ஊற விடுங்க, பொதபொதன்னு ஊறிடும். மிச்ச தண்ணியை சூடு பண்ணி, மிச்ச கிளிசரினோட சேத்து இதுல ஊத்தி, அடுப்புல வேற ஒரு பாத்திரத்துல வெந்நீர் வச்சு அதுக்குள்ள இந்தப் பாத்திரத்தை இறக்கி மெதுவா கரைங்க. கொதிக்க விடாதீங்க, வேகமா கிண்டாதீங்க. வேகமா கிண்டினா நுரை வரும், நுரை இருந்தா பிளேட் முழுக்க குழி குழியா ஆகிடும், ஒவ்வொரு பிரிண்ட்லயும் அந்தக் குழி புள்ளியா தெரியும். 15 க்கு 20 சென்டிமீட்டர் அளவுல அடிப்பாகம் வழவழன்னு இருக்கிற டப்பால ஊத்துங்க, ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல உயரம் வரும். மேல மிதக்கிற குமிழியை நியூஸ்பேப்பர் துண்டை வச்சு ஓரமா இழுத்து எடுத்துடுங்க. சமதளமா இருக்கிற இடத்துல ஆற வச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல சில மணி நேரம். ஓரத்துல கத்தியை விட்டு ஒரு சுத்து சுத்தினா கழண்டு வந்துடும், அடிப்பக்கம்தான் பிரிண்ட் எடுக்கிற பக்கம்.

கிளிசரின் எதுக்குன்னா அது இல்லாட்டி பிளேட் சில நாள்லயே காஞ்சோ பூஞ்சை பிடிச்சோ போயிடும், அது இருந்தா மாசக்கணக்குல வரும். ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு ஜெலட்டின் இளகும், அது ஞாபகம் இருக்கட்டும். ஏப்ரல் மே மாசத்துல காலையிலயே வேலையை வச்சுக்கோங்க, ஜன்னல் வெயில் படுற மேஜையில வைக்காதீங்க, நடுவுல கொழகொழன்னு ஆச்சுன்னா கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க.

ஒண்ணு சொல்லணும், ஜெலட்டின் மாட்டு எலும்பு, பன்றித் தோல் இந்த மாதிரி விலங்குப் பொருள்ல இருந்து வர்றது. அதைத் தொட வேண்டாம்னு நினைக்கிறவங்க தடிமனான ஓஎச்பி ஷீட்டோ (அந்தப் பக்கம் தெரியுற பிளாஸ்டிக் தாள்) கண்ணாடியோ எடுத்துக்கலாம், பேப்பர்ல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணிட்டு எடுத்தா பிரிண்ட் வரும், நரம்பு மாதிரியான நுணுக்கம் மட்டும் கம்மியா இருக்கும். சைனா கிராஸ்ல (கடல்பாசியில இருந்து வர்ற அகர் அகர்) பண்ணலாமான்னு கேப்பாங்க, அது உறையும் ஆனா சீக்கிரம் வெடிச்சுப் போகும்.

முதல் பிரிண்ட்

ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க. இது சின்ன விஷயம் இல்ல, அக்ரிலிக் ஃபேன் காத்துல ஒரு நிமிஷத்துலயே காய ஆரம்பிச்சிடும்.

மஞ்சள் கலரை நாலஞ்சு பொட்டு அளவுக்கு பிளேட்ல வச்சு ரோலரால எல்லா பக்கமும் மெலிசா உருட்டுங்க. ஆரம்பிக்கிற எல்லாரும் கலரை அதிகமாதான் வைப்பாங்க. ரோலர் போன இடம் கரடுமுரடா மேடு மேடா நிக்குதுன்னா, உருட்டுறப்போ பிசுபிசுன்னு சத்தம் கேக்குதுன்னா கலர் ஜாஸ்தி, ரோலரை வேஸ்ட் பேப்பர்ல உருட்டி எடுத்துட்டு திரும்ப உருட்டுங்க (அந்த வேஸ்ட் பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி உதவும்). பிளேட் மேல கலர் வழவழன்னு சன்னமா இருந்தா பேப்பரை வச்சு உள்ளங்கையால நடுவுல இருந்து ஓரத்துக்கு நல்லா தேய்ச்சு, ஒரு மூலையில பிடிச்சு மெதுவா உரிங்க. முழுசா மஞ்சளா ஒரு தாள் கிடைக்கும். இதே மாதிரி அஞ்சாறு தாள் எடுத்து காய வைங்க. சிலதுல மஞ்சளோட ஒரு துளி கிரிம்சன் சேத்து பிளேட் மேலயே உருட்டினா ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் ஆரஞ்சுன்னு இறங்கும். இது அடித்தளம், இதுல அழகு எதையும் தேட வேண்டாம்.

இலை வச்சு எடுக்கிறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஒரு அரச இலை இல்லாட்டி ஒரு ஈர்க்கு முருங்கை இலை எடுத்து ரெண்டு நாள் புக்குக்குள்ள வச்சு தட்டையாக்கிக்கோங்க, ஆனா மொறுமொறுன்னு காய விட்டுடாதீங்க, பிளேட்ல நொறுங்கும். அல்ட்ராமரைன்ல கொஞ்சம் கிரிம்சன் கலந்து ஊதா மாதிரி ஒரு டார்க் கலர் பண்ணி பிளேட்ல உருட்டுங்க. அது மேல இலையை நரம்பு பக்கம் கீழ இருக்கிற மாதிரி வைங்க. காஞ்ச மஞ்சள் தாளை மேல வச்சு அழுத்தி எடுத்தா இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளா, சுத்தி டார்க்கா வரும். இதைப் பாத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு பிளேட்டைத் துடைச்சிடாதீங்க. இலையை நகத்தாலயோ ட்வீசராலயோ மெதுவா தூக்குங்க. இலைக்கு அடியில கலர் அப்படியே இருக்கும், அதுல நடு நரம்பு, பக்க நரம்பு, அதுக்கு நடுவுல வலை மாதிரி ஓடுற சன்ன நரம்பு வரைக்கும் பதிஞ்சிருக்கும். உடனே, காயுறதுக்குள்ள, இன்னொரு தாளை வச்சு நல்லா அழுத்தி எடுங்க. இதுக்குப் பேரு கோஸ்ட் பிரிண்ட். முதல் பிரிண்ட் வெறும் நிழல், இந்த ரெண்டாவதுல அரச இலையோட அந்த நீட்டு வால் நுனி கூட தெரியும். டெகா மங்கல் பிரிண்ட்டை ஏன் விட்டு வைக்கலைன்னு இதைப் பாத்தா புரியும்.

இலைக்கு பதிலா வெங்காய மூட்டை வலை, பபிள் ராப், அட்டைப்பெட்டியோட நெளி உள்பக்கம், பழைய லேஸ், ஈர நூல் இப்படி எதை வேணா வைக்கலாம். பேப்பரை வட்டமா, கோணல்மாணலா கிழிச்சு வச்சா அது மாஸ்க், அந்த இடத்துல கலர் ஏறாது. பிளேட்ல நேரடியா கோடு போடணும்னா பட்ஸ் இல்லாட்டி ரப்பர் துண்டு எடுங்க, கூரானது எதுவும் பிளேட்ல படக் கூடாது, கீறிடும்.

சேறு ஆகாம லேயர் போடுறது

சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும், நீலமும் ஆரஞ்சும் ஈரமா இருக்கிறப்போ ஒண்ணோட ஒண்ணு கலந்தா சாணி கலர்தான் வரும். அதே ரெண்டும் ஒண்ணு நல்லா காஞ்ச பிறகு இன்னொண்ணு மேல ஏறினா ரெண்டுமே உயிரோட இருக்கும். ஆரம்பிக்கிறவங்களோட படம் மங்கிப் போறதுக்கு முக்கால்வாசி காரணம் கலர் செலக்‌ஷன் கிடையாது, பொறுமையில்லாம ஈரத்து மேல ஈரம் போடுறதுதான். ஒரு தாள் காயுற நேரத்துல அடுத்த தாள், அது காயுறப்போ அதுக்கு அடுத்ததுன்னு சுத்து முறையில போனீங்கன்னா காத்திருக்கிற மாதிரியே தெரியாது.

பொதுவா வெளிர் கலர் முதல்ல, டார்க் கடைசியில. சில டியூப் மேல சின்ன சதுரம் ஒண்ணு போட்டிருப்பாங்க, சதுரம் காலியா இருந்தா அடியில இருக்கிறது தெரியுற கலர், முழுசா கறுப்பா இருந்தா மூடுற கலர். காலி சதுர நீலத்தை மஞ்சள் மேல ஏத்தினா பச்சை கிடைக்கும், அதே நீலத்துல வெள்ளை கலந்துட்டா மஞ்சளை மறைச்சிடும். ஒரு தாளுக்கு மூணு லேயர் போதும், அதுக்கு மேல போனா முதல்ல போட்ட மஞ்சள் காணாமலே போயிடும்.

வெட்டி எடுக்கிறது

அட்டையில எல் வடிவத்துல ரெண்டு துண்டு வெட்டிக்கோங்க. ரெண்டையும் எதிரெதிரா வச்சா ஒரு ஜன்னல் கிடைக்கும், பெருசாக்கலாம் சின்னதாக்கலாம். அதை பிரிண்ட் மேல மெதுவா நகத்திக்கிட்டே வாங்க, முழு தாளா பாத்தப்போ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்ததுல 8 க்கு 8 சென்டிமீட்டர்ல எங்கேயாவது ஒரு இடம் டக்குன்னு நிக்கும். பென்சில்ல மார்க் பண்ணி வெட்டிடுங்க. ஒரு தாள்ல ரெண்டு, சில சமயம் மூணு கூட தேறும்.

சின்ன சைஸ்னா மட்டம்னு நினைக்காதீங்க. ஓவியர் பால் க்ளே 1914 ஏப்ரல்ல டுனீசியா போனப்போ அங்க இருக்கிற வீடு, தோட்டம் எல்லாத்தையும் கலர் கட்டம் கட்டமா மாத்தி வாட்டர்கலர்ல போட்டார், எல்லாம் மடியில வச்சு பண்ணக்கூடிய சைஸ்.

இப்போதான் பிரஷ்

வெட்டின துண்டை மாஸ்கிங் டேப்பால நாலு பக்கமும் பலகையில ஒட்டுங்க. மொபைல்ல ஒரு ஃபோட்டோ எடுத்து பிளாக் அண்ட் வொயிட் ஆக்கிப் பாருங்க. எல்லாமே ஒரே சாம்பலா தெரிஞ்சா கலர் எவ்ளோ இருந்தாலும் படம் தட்டையாதான் இருக்கும், ஒரு இடத்துல நல்ல டார்க்கும் ஒரு இடத்துல நல்ல வெளிச்சமும் வேணும்னு அர்த்தம். அப்புறம் வெள்ளை கலந்த ஒரு கலரை, உதாரணத்துக்கு வெள்ளையில துளி கிரிம்சன், துளி மஞ்சள் சேத்த ஒரு பீச் கலரை எடுத்து படத்துல மூணுல ஒரு பங்கு இடத்தை தைரியமா மூடுங்க. மனசு வராதுதான், அழகான டெக்ஸ்சர் போகுதேன்னு இருக்கும். ஆனா எல்லா இடமும் பேசினா எதுவும் காதுல விழாது, அந்த அமைதியான இடம் வந்த பிறகுதான் மிச்சம் இருக்கிற இலை நரம்பு எடுப்பா தெரியும்.

அடுத்து கோடு. மெல்லிய பிரஷ், பெயின்ட் மார்க்கர், கலர் பென்சில் எது வேணா. என்ன கோடு போடுறதுன்னு தெரியலைன்னா ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோட 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' வரிசை படங்களைப் பாருங்க, எழுத்து மாதிரியே இருக்கும், படிக்க முடியாது, வரி வரியா குறியும் வட்டமும் கட்டமும் போகும். 1966ல அவர் முன்ன நின்னு ஆரம்பிச்ச சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னை ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கத்துல இருக்கு, பத்திக் (துணியில மெழுகு போட்டு சாயம் ஏத்துறது) மாதிரி கைவேலைகளை வித்து அந்த ஓவியர்கள் தங்களைத் தாங்களே காப்பாத்திக்கிட்ட இடம் அது. அங்க ஒரு மியூசியமும் இருக்கு, சென்னை பக்கம் இருக்கிறவங்க ஒரு நாள் போய் படங்களை நேர்ல நின்னு பாத்துட்டு வாங்க, ஸ்க்ரீன்ல பாக்குறதுல கலரோட கனம் தெரியாது.

ஆயில் பேஸ்டல் போடுறதா இருந்தா அதை எல்லாத்துக்கும் கடைசியில வச்சுக்கோங்க, அது மேல அக்ரிலிக் ஒட்டாது. டேப்பை உரிக்கிறப்போ படத்துக்கு வெளிப்பக்கமா சாய்ச்சு மெதுவா இழுங்க. பெயின்ட் பண்ணாம பிரிண்ட்டாவே விட்டதுல கீழ இடது பக்கம் பென்சில்ல 1/1ன்னும் வலது பக்கம் உங்க கையெழுத்தும் போடுறது வழக்கம், ஏன்னா அந்த மாதிரி இன்னொண்ணு வராது. அடுக்கி வைக்கிறப்போ நடுவுல பட்டர் பேப்பர் வைங்க, ஈரப்பதமான ஊர்ல அக்ரிலிக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா கலரோட பேந்து வரும்.

பிளேட்டை எடுத்து வைக்கிறது

கடைசியா பிளேட்ல காஞ்சு போன கலர் துணுக்கு எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். கழுவாதீங்க. அது மேல வெள்ளையோ மஞ்சளோ மெலிசா உருட்டி, பேப்பரை வச்சு அழுத்தி, ஒரு 10 நிமிஷம் அப்படியே விட்டு உரிங்க. அன்னிக்கு பூரா போட்ட எல்லா லேயரோட மிச்சமும் ஒரே தாள்ல ஏறி வரும், ரோலர் துடைச்ச அந்த வேஸ்ட் பேப்பர்லயே இதை எடுத்தா இன்னும் நல்லா இருக்கும். அதுக்கப்புறமும் பிசுக்கு இருந்தா பேபி ஆயில் தொட்டு துடைச்சு, லேசா சோப்பு தண்ணி. ரெண்டு பக்கமும் ஓஎச்பி ஷீட் வச்சு டப்பால படுக்க வைங்க, டிஷ்யூவோ துணியோ வச்சா அந்த நெசவு பிளேட்ல பதிஞ்சிடும். கீறல் அதிகமாயிட்டா துண்டு துண்டா நறுக்கி வெந்நீர்ப் பாத்திரத்துல வச்சு உருக்கி அதே டப்பால திரும்ப ஊத்திக்கலாம்.